புறா உண்ணும் இடமும் முட்டையிடும் இடமும்

2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் கொண்டு மூடியதும், 6ஆம் தேதி திரண்டுவந்த கூட்டம் அந்தத் தார்ப்பாயைப் பிரித்தெறிந்ததும், பொது இடங்களில் புறாக்களுக்குத் தீனியிடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப் பணித்த உயர்நீதிமன்ற ஆணையில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்ததும் நாடறிந்த செய்திகள். நகரின் 51 தீனியிடங்களை மூடப்போவதாக அதற்கு ஒரு மாதம் முன்பே சட்டமேலவையில் அரசு அறிவித்திருந்தது. ஒருபுறம் உயிர்நேயம், மறுபுறம் பொதுச் சுகாதாரம் என்று இரு தரப்பாரும் உரக்கப் பேசினர். நான் கவனித்தவரையில் அந்த விவாதம் புறா உண்ணும் இடத்தைச் சுற்றியே சுழன்றது. அது முட்டையிடும் இடத்தைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. தானியம் சதுக்கத்தில் கிடைக்கிறது. குஞ்சு பொரிப்பதோ நம் வீட்டுச் சன்னல் மேடையிலும், குளிர்சாதனப் பெட்டியின் முதுகிலும், கட்டடங்களுக்கு இடைப்பட்ட குழாய்ச் சந்திலும். இப்போது அந்தப் பட்டியலில் மொட்டை மாடியின் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது.

இந்தப் பதிவு அந்தக் கடைசி இடத்தைப் பற்றியது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஹவுசிங் சொசைட்டிக் கூட்டங்களில் இன்று எழும் கேள்வி, "பேனலுக்கு அடியில் புறா வராமல் என்ன செய்வது?" என்பது. கேள்வியிலேயே ஒரு காலப்பிழை இருக்கிறது. புறா வந்து குடியேறிய பின்னரே அது கேட்கப்படுகிறது. அந்த இடைவெளியைப் பலகை ஏற்றப்படும் நாளிலேயே அடைக்க வேண்டும். அதற்கான செலவு பலகையின் விலைக்குள் அடங்க வேண்டும். பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதன் விலையை முட்டைக்குள் இருக்கும் குஞ்சும் மாடிக்குத் துடைப்பத்தோடு அனுப்பப்படும் கூலியாளும் தருகிறார்கள் என்பது என் வாதம்.

மாடப்புறா அடிப்படையில் பாறை முகட்டுப் பறவை. செங்குத்தான பாறையில் ஒரு சிறு விளிம்பு, தலைக்கு மேல் ஒரு மறைப்பு, பின்புறம் ஒரு சுவர் ஆகிய மூன்றும் கிடைத்தால் அதற்குப் போதும். மரக்கிளையில் அது கூடு கட்டுவது அரிது. எனவேதான் மனிதன் கல்லாலும் சுதையாலும் கட்டத் தொடங்கிய நாள்முதல் அது நம்மோடு குடியிருக்கிறது. மழையால் இரை தேடப் போக இயலாமல், வீட்டின் கொடுங்கையில் ஒடுங்கிக் கால் மாற்றி நிற்கும் ஆண் புறாவை நெடுநல்வாடை காட்டுகிறது. மாட்டுங்காவில் 1930களிலும் 40களிலும் எழுந்த கட்டடங்களின் வளைந்த பால்கனிகளும் சன்னல் மேற்கட்டுகளும் அதே கொடுங்கைதான். அண்மைக்கால அடுக்குமாடிகளில் கொடுங்கை இல்லை. அந்தக் குறையை நாம் மாடியில் பலகை அடுக்கி நிறைவுசெய்கிறோம்.

இதில் மும்பைக்கென்று ஒரு தனிச்சிறப்பும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் தளம் ஒழுகாமல் இருக்கப் பல சொசைட்டிகள் மொட்டை மாடியின் மேல் தகரக் கூரை போட்டிருக்கின்றன. அந்தக் கூரைச் சரிவிலேயே குறுகிய தண்டவாளங்களைப் பொருத்திப் பலகைகளைக் கிடத்தினால், தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான சந்து உருவாகிறது. புறா நுழையலாம், காகம் நுழையத் தயங்கும், பருந்தால் நுழையவே இயலாது. வெயிலில்லை, மழையில்லை. ஒரு பறவைக்காக யாரேனும் வேண்டுமென்றே வீடு கட்டியிருந்தாலும் இதைவிடச் சிறப்பாகக் கட்டியிருக்க முடியாது.

மின்னுற்பத்தி எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் "கொஞ்சம் எச்சம் பட்டால் என்ன?" என்ற அலட்சியம் பரவலாக உள்ளது. ஒரு பலகையிலுள்ள மின்கலங்கள் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றின்மேல் உள்ளங்கை அளவு எச்சம் காய்ந்து படிந்தாலும், அந்தக் கலம் விடும் மின்னோட்டமே அதன் வரிசை முழுவதற்கும் உச்சவரம்பாகிவிடும். வாய்க்காலில் ஒரு மடை அடைபட்டால் கடைமடைக்கும் நீர் குறைவது போன்றது இது. நிழல்பட்ட கலம் மின்சாரத்தை உண்டாக்குவதை விட்டு அதை உண்ணத் தொடங்கிச் சூடேறும். நாளடைவில் அந்த இடம் கருகும். இதைத் தடுக்கவே ஒவ்வொரு பலகையிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் வைக்கப்படுகின்றன. அவை இயங்கும்போது பலகையின் மூன்றிலொரு பங்கு உற்பத்தியிலிருந்து ஒதுங்கிவிடும். மும்பையில் மழை ஓய்ந்த எட்டு மாதங்களும்தான் வெயில் நிறைந்த மாதங்கள். எச்சத்தைக் கழுவ வானம் உதவாத மாதங்களும் அவையே. மேலும், எந்த மழையும் பலகையின் அடிப்பகுதியைக் கழுவுவதில்லை. அங்கே சுள்ளி, இறகு, கம்பித் துண்டு, செத்த குஞ்சு எல்லாம் வடங்களோடு பின்னிக் கிடக்கும். வடத்தின் இணைப்பு தளர்ந்து பொறி பறந்தால் அருகில் காய்ந்த சுள்ளி இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இழக்கும் யூனிட்டுகளைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. இந்தக் குப்பையை யார் அள்ளுகிறார்கள்? சொசைட்டியின் வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், அல்லது நாள்கூலிக்கு அழைத்துவரப்படும் ஒருவர். கையில் ஒரு துடைப்பமும் ஒரு பழைய கோணிப்பையும் தரப்படும். காய்ந்த எச்சத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போது எழும் தூசியில் பறவைப் புரதமும் இறகுத் துகளும் பூஞ்சை வித்துகளும் கலந்திருக்கின்றன. அதைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு நேரும் மிகையுணர்வு நுரையீரல் அழற்சி மருத்துவ உலகில் 'புறா வளர்ப்போர் நோய்' என்றே நெடுங்காலமாக அறியப்பட்டது. முற்றினால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இறுகிய பகுதி மீண்டும் பழைய நிலைக்கு வராது. எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவரின் மூளைவரை செல்லக்கூடியது. நீதிமன்றத்தில் இந்த நோய்கள் பேசப்பட்டபோது, கபூதர்கானாவின் அக்கம்பக்கத்துக் குடியிருப்போரே நினைவில் இருந்தனர். மாடியில் தனியாகக் குனிந்து பெருக்குபவர் எந்தத் தரப்பின் மனுவிலும் கண்ணுக்குப் படுபவர் அல்லர்.

சிபியின் கதையை நாம் சோழர் மரபின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். புறாவைக் காக்கத் துலையேறியபோது அவன் வைத்தது தன் உடலை. நம் மாடிகளில் புறாவுக்கு இடம் கொடுக்கும் கருணையின் எடைக்குப் பிறர் நுரையீரல் வைக்கப்படுகிறது. இதைக் கருணை என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி அடைக்கும் முறை. மூன்று கிலோவாட் அமைப்புக்கு இன்றைய அளவில் ஆறு பலகைகள் போதும். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை அமைத்தால் சுற்றளவு ஏறத்தாழ 16 மீட்டர். அந்த 16 மீட்டருக்கு, ஒரு சாண் உயரத்தில், கம்பி வலை ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இந்த அளவுக்குக் கிடைக்கும் மானியம் 78,000 ரூபாய். அந்தத் தொகையோடு ஒப்பிட்டால் வலையின் விலை பொருட்டாகாது. இருந்தும் நான் பார்த்த விலைப்பட்டியல்களில் இன்வெர்ட்டரின் பெயர் உண்டு, இடிதாங்கி உண்டு, வலை இல்லை. அது தனியாக, பிற்பாடு, வேறொருவரிடம், கூடுதல் விலைக்கு வாங்கப்படுகிறது. அதற்குள் கூடு கட்டப்பட்டுவிடுகிறது.

எந்த வலை என்பதிலும் கவனம் தேவை. பால்கனிக்குக் கட்டும் நைலான் வலையை மாடியில் கட்டுகிறார்கள். வெயிலில் இற்றுத் தொங்கும் அந்த இழைகளில் கால் சிக்கிய பறவைகள் பரேல் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவது மும்பைவாசிகளுக்குப் புதிதன்று. கொண்டுசெல்ல ஆளில்லாமல் தொங்கியே சாவன அதிகம். சாதாரண இரும்பு வலை இந்தக் கடற்காற்றில் விரைவில் துருப்பிடித்துப் பலகையின்மேல் செந்நிறக் கறை வடிக்கும். துருவேறா எஃகு நல்லது; ஆனால் அதை அலுமினியச் சட்டத்தோடு நேரடியாக உரசவிட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபடும். ஆகவே நெகிழிப் பூச்சுள்ள வலையோ, இடையில் நெகிழிப் பட்டையுள்ள கவ்விகளோ வேண்டும். கண்ணின் அளவு 2 சென்டிமீட்டரைத் தாண்டாதிருத்தல் நலம். சட்டத்தில் துளையிடவே கூடாது; துளையிட்டால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் போய்விடும். கவ்விகளால் பிடித்து, வேண்டும்போது கழற்றிச் சுத்தம் செய்யக் கூடியதாக அமைக்க வேண்டும். சிலர் தகரத் தகடு வைத்து முழுவதும் மூடிவிடுகிறார்கள். புறா வராதுதான், காற்றும் வராது. பலகையின் வெப்பம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் கூடும்போதும் உற்பத்தி நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். புறாவைத் துரத்தப் போய் அது தின்னாத மின்சாரத்தை வெப்பத்துக்குத் தின்னக் கொடுப்பதாக முடியும்.

தகரக் கூரை இல்லாமல், ஆள் நடமாடும் உயரத்துக்கு இரும்புத் தூண்கள் நிறுத்தி அதன்மேல் பலகை போட்ட மாடிகளில் இந்தச் சுற்றுவலை பயன்படாது. அங்கே கூடு அமைவது குறுக்குச் சட்டங்களின் குழிவிலும், திறந்திருக்கும் குழாய் முனைகளிலும், வடம் செல்லும் தட்டிலும், இன்வெர்ட்டரின் தலையிலும். குழாய் முனைகளை மூடியால் அடைப்பது, குழிவு மேல்நோக்காமல் பக்கவாட்டில் அமையுமாறு சட்டத்தைத் திருப்பிப் பொருத்துவது, தட்டையான இடங்களில் சரிவுத் தகடு வைப்பது ஆகியவை வரைபடத்திலேயே தீர்க்க வேண்டியவை. பொறியாளர் பேனா எடுக்கும்போது செலவில்லாத ஒன்று, வெல்டர் போன பிறகு பெருஞ்செலவாகும்.

நெகிழி ஆந்தை, தொங்கும் குறுந்தகடு, செவிக்கெட்டாத ஒலி எழுப்பும் கருவி ஆகியவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில நாள்களில் புறா ஆந்தையின் தலைமேலேயே அமரும். ஒட்டும் பசைகளோ கொடுமையானவை. இறகில் படிந்தால் பறவை பறக்க முடியாமல் சாகும்.

முன்பே கூடு கட்டிவிட்ட மாடிக்கு என்ன செய்வது? இங்கேதான் மனசாட்சி உள்ளவர்களும் அவசரப்படுகிறார்கள். புறா ஒரு ஈட்டில் இரண்டு முட்டையிடும். 17 முதல் 19 நாள்களில் பொரியும். குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆக, ஏழு வாரம் பொறுத்தால் ஒரு கூடு காலியாகும். சிக்கல் என்னவென்றால், முதல் ஈட்டுக் குஞ்சு பறப்பதற்குள்ளேயே இணை அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும். எனவே "காலியானதும் அடைப்போம்" என்று சும்மா காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். செய்ய வேண்டியது, முட்டையில்லாத சந்துகளையெல்லாம் இன்றே அடைத்துவிட்டு, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டுக்கு மட்டும் ஒரு வாசல் விடுவது. புதிதாகச் சேரும் சுள்ளியை முட்டையிடுமுன் நாள்தோறும் எடுத்துவிடுவது. கடைசிக் குஞ்சு வெளியேறிய அன்றே அந்த வாசலையும் மூடுவது. மூடுமுன் டார்ச் அடித்து உள்ளே ஒவ்வொரு மூலையும் பார்க்க வேண்டும். உள்ளே பறவையை வைத்து வலை கட்டினால், பலகையின் அடியில் அது வெந்து சாகும். விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சாவின் நாற்றம் ஒரு வாரம் மாடியை விட்டுப் போகாது.

சுத்தம் செய்யும்போது முதலில் தண்ணீர் தெளித்து எச்சத்தை ஊறவைக்க வேண்டும். உலர்ந்ததைப் பெருக்கக் கூடாது. துணி முகக்கவசம் போதாது, என்-95 வகையும் கையுறையும் வேண்டும். வேலை விடியற்காலையில் நடக்க வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் நண்பகலில் குளிர்ந்த நீர் ஊற்றினால் அது விரிசல் விடலாம். இவ்வளவும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் காரியம். சொசைட்டி ஆண்டுக் கணக்கில் தீபாவளி விளக்குக்கு ஒதுக்குவதைவிடக் குறைவு.

வலை கட்டினால் புறா அடுத்த கட்டடத்துக்குத்தானே போகும் என்ற எதிர்வாதம் நியாயமானது. போகத்தான் செய்யும். தன் மாடியை மட்டும் காத்துக்கொள்ளும் ஒவ்வொரு சொசைட்டியும் சிக்கலைப் பக்கத்து மாடிக்குத் தள்ளுகிறது. இந்த இடத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர் நினைவுகூரத் தக்கது. அங்கே 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றும் நகரின் புறாத்தொகை குறையவில்லை. இறந்தவற்றின் இடத்தை இளம் பறவைகள் உடனே நிரப்பின. 1988இல் அணுகுமுறையை மாற்றினார்கள். தீனியிடுவது புறாவுக்கே தீங்கு, நெரிசலும் நோயுமே அதன் விளைவு என்று மக்களிடம் எடுத்துரைத்தார்கள். கண்காணிப்புள்ள சில புறாமாடங்களை அமைத்து அங்கே முட்டைகளை அகற்றினார்கள். சுமார் நான்கு ஆண்டுகளில் தொகை பாதியாயிற்று. நமக்கு வேண்டிய இரண்டு செய்திகள் இதில் உள்ளன. கொல்வது வீண். உணவைக் குறைப்பதும் கூட்டிடத்தைக் குறைப்பதும் கைகோத்து நடந்தாலே எண்ணிக்கை இறங்கும்.

எனவே கபூதர்கானாவைக் கட்டுப்படுத்துவதை நான் ஆதரிக்கிறேன். ஒரே இரவில் தார்ப்பாய் போட்டு மூடியதை ஆதரிக்கவில்லை. பல தலைமுறைகளாகத் தீனியை நம்பிப் பெருகிய கூட்டத்துக்குப் படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும். அதே நேரத்தில், மாட்டுங்காவின் தமிழ் வீடுகளில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதையும் மூட்டை மூட்டையாகச் சோளமும் கடலையும் கொட்டுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியன்று. முன்னது சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். பின்னது ஒரு பறவையினத்தின் இனப்பெருக்க விகிதத்தையே மாற்றுகிறது. 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 2023இல் பல பறவைகளின் வீழ்ச்சியைப் பதிவுசெய்தபோது, பெருகிவரும் சிலவற்றுள் மாடப்புறாவையும் குறித்தது. சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டும் நம் அன்பு மெச்சத்தக்கது. அதே மாடியில் வலையின்றிப் பலகை போடுவது அந்தப் பெட்டியைவிட நூறு மடங்கு பெரிய பெட்டியை மாடப்புறாவுக்கு மாட்டுவதாகும்.

கடைசியாகத் தாராவி. சூரிய வீடு திட்டத்தின் மானியம் பெறச் சொந்த வீடும், பலகை தாங்கும் கூரையும், முறையான மின்னிணைப்பும் வேண்டும். தாராவியின் தகர, கல்நார்க் கூரைகள் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அங்கிருந்து வருவோர் பிறர் மாடிப் பலகைகளைக் கழுவுவார்கள். தம் தலைக்குமேல் ஒன்று வைத்துக்கொள்ள முடியாது. இந்நிலை மாறக்கூடும். அதானி குழுமம் 80 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் பங்கு கொண்ட நிறுவனம் மறுசீரமைப்பை ஏற்றிருக்கிறது. பெருந்திட்டத்துக்கு 2025 மே மாதம் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வோருக்கு 350 சதுர அடி வீடு என்பது வாக்குறுதி. அந்த உயர்ந்த கட்டடங்களில் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓட மின்கட்டணம் வரும். குடிசைமாற்றுக் கட்டடங்களில் பொதுமின் கட்டணம் கட்டமுடியாமல் லிஃப்ட் நின்றுபோவது இந்நகரம் நன்கறிந்த துயரம். அங்கே பொதுப் பயன்பாட்டுக்குச் சூரியமின் பலகை அலங்காரமாகாது. ஏழாவது மாடியிலுள்ள மூதாட்டி கீழே இறங்கி வருவாரா என்பதைத் தீர்மானிப்பது அது. எச்சம் படிந்து உற்பத்தி சரிந்தால், சுத்தம் செய்ய வேறு ஆள் அமர்த்த அந்தச் சொசைட்டிகளிடம் பணம் இருக்காது. குடியிருப்பவரே துடைப்பம் எடுத்து மேலேற வேண்டியிருக்கும்.

ஆகவே, செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இந்த ஆண்டு பலகை போட முடிவெடுக்கும் சொசைட்டிச் செயலாளர்கள் விலைப்பட்டியலில் வலை, கவ்வி, குழாய் மூடி, மாடியில் ஒரு நீர்க்குழாய் ஆகிய நான்கையும் எழுதிக் கேட்கட்டும். எழுதாத நிறுவனத்தைத் திருப்பி அனுப்பட்டும். தாராவியின் ஒப்பந்தப் பத்திரங்களிலும் அதே நான்கு வரிகள் இடம்பெறுமாறு, வரைபடம் தாளில் இருக்கும் இப்போதே, அங்குள்ள குடியிருப்போர் அமைப்புகள் எழுத்து மூலம் கோர வேண்டும். கோரிக்கைக் கடிதத்தைத் தமிழிலும் மராத்தியிலும் வரைந்து தர என்னால் இயலும். வேண்டுவோர் உள்பெட்டியில் எழுதலாம்.